பையனை விரட்டினால் திருட்டு நிற்குமா?

(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலவையின் சார்பில் நிகழ்த்திய உரை)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. சந்தா பாக்கி இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி விவகாரம் இருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டு முப்பது பேர் வந்து உட்கார்ந்த இந்த மண்டபத்தில் இன்று வாசல் வரை ஆள் நிற்பது தண்ணீர்த் தொட்டிக்காக அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இரண்டு மாதத்துக்கு முன் நம் தோட்டத்தில் மூன்று பையன்கள் பிடிபட்டார்கள். பத்தொன்பதாம் நம்பர் காட்டில் மங்குகளில் உறைந்து கிடந்த கட்டிப்பாலை இரவோடு இரவாகக் கோணிப்பைகளில் அள்ளிக்கொண்டு போகும்போது காவலாளிகளிடம் அகப்பட்டார்கள். இருவர் நம் லயத்துப் பிள்ளைகள். மூன்றாமவன் டவுன் ஓரத்து அடுக்குமாடி வீட்டுப் பையன். அவர்கள் பெயரை இந்த மேடையில் நாங்கள் சொல்லப் போவதில்லை. 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் வழக்கில் சிக்கிய பிள்ளைகளின் பெயரை வெளியிடக்கூடாது என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நாங்கள் சொல்லமாட்டோம்.

பிடிபட்ட மூன்றாம் நாள் செயலவைக்கு ஒரு மனு வந்தது. அதில் அறுபத்திரண்டு கையொப்பம். அந்த இரண்டு குடும்பங்களையும் ஒரு மாதத்துக்குள் லயத்தை விட்டு வெளியேற்றும்படி சங்கம் நிர்வாகத்துக்கு எழுதவேண்டும் என்பதே மனுவின் சாரம். அந்த மனுவை நாங்கள் அனுப்பவில்லை. இன்றுவரை அனுப்பவில்லை. 'திருட்டுப் பயல்களுக்குச் சங்கம் வக்காலத்து வாங்குகிறது' என்று கோயிலடியிலும் கடையடியிலும் பேச்சு நடப்பது எங்கள் காதுக்கும் எட்டியது. ஏன் அனுப்பவில்லை என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் ஒன்று. திருட்டு திருட்டுதான். கட்டிப்பால் என்பது வெளியாருக்கு நாற்றம் பிடித்த ஒரு ரப்பர்க் கட்டி. நமக்கு அது கூலி. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் மரத்துக்கு மரம் நடந்து வெட்டியவரின் கூலி. மழை பெய்து பால் கழுவிக்கொண்டு போகும் மாதங்களில் அந்தக் கட்டிப்பாலின் எடைதான் அரிசிக் கடைக்கும் பிள்ளைகளின் பஸ்ஸுக்கும் கைகொடுக்கிறது. அந்தக் காட்டில் வெட்டும் தாய்மார் ஒருவர் கணவரை இழந்தவர். அவருடைய நிரையில் ஒரு மங்குகூட மிஞ்சவில்லை. மனுவில் முதல் கையொப்பம் அவருடையது. அவருடைய கோபத்தைக் குறை சொல்ல இந்தச் சங்கத்தில் எவருக்கும் யோக்கியதை கிடையாது.

நாங்கள் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். மூவரில் மூத்தவனுக்கு வயது பதினாறு. நம் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவன். எங்களில் சிலர் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு தீமிதி காட்டியிருக்கிறோம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "மாமா, அம்மாவை வேலைய விட்டு நிறுத்திடுவாங்களா?" என்று கேட்டான். நிறுத்தமாட்டார்கள் என்று சொன்னோம். அப்போது எங்கள் சட்டைப்பையில் உங்கள் மனு இருந்தது.

அவனைப் பற்றி விசாரித்தோம். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஏன் நின்றது? அவனுக்கு அடையாள அட்டை இல்லை. பன்னிரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளும் எடுக்கும் அட்டை அது. தாயும் தகப்பனும் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். பதிவு இலாகாவில் பதியவில்லை. பிள்ளை பிறந்ததைக் காலத்தோடு பதியவில்லை. பிறகு போய் நின்றால் இந்தக் காகிதம் இருக்கிறது, அந்தக் காகிதம் இல்லை; அந்தக் காகிதம் கிடைத்தது, சாட்சி இல்லை. ஒவ்வொரு முறையும் தாய்க்கு ஒருநாள் கூலி போகும், பஸ் காசு போகும். நான்கு முறை நடந்துவிட்டு அந்த அம்மாள் விட்டுவிட்டார். தகப்பன் இறந்தபின் அந்தக் காகிதங்கள் தகரப் பெட்டிக்குள் போயின.

அட்டை இல்லாத பையனுக்கு என்ன வழி? தொழிற்பயிற்சிக் கழகம் சேர்க்காது. லோரி ஓட்ட லைசென்ஸ் கிடையாது. தொழிற்சாலையில் சேமநிதிக்குப் பெயர் எழுதமுடியாது, ஆகவே வேலை கிடையாது. ஐ.சி. எங்கே என்று கேட்காமல் வேலை கொடுப்பவர்கள் இந்த வட்டாரத்தில் ஒரே வகையார்தான். சான்றிதழ் கேட்கமாட்டார்கள். வயது கேட்கமாட்டார்கள். சாப்பாடு போடுவார்கள், மோட்டார் சைக்கிள் கொடுப்பார்கள், 'தம்பி' என்று கூப்பிடுவார்கள். அவன் போனான்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். அள்ளிய கட்டிப்பாலை அந்தப் பையன்கள் தின்றுவிடவில்லை. யாரோ எடை போட்டார்கள், யாரோ காசு கொடுத்தார்கள். இந்த நாட்டில் ரப்பர் வாங்கி விற்க ரப்பர் வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பின்வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு பதினாறு வயதுப் பையனிடம் ரப்பர் வாங்கியவர் யார்? மனுவில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அறுபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் அவர் ஞாபகம் வரவில்லை! லயத்தில் இருக்கிற ஏழைத் தாயை விரட்டுவது எளிது; காரில் போகிறவரைக் கேட்பது கடினம். நாமும் எளிதான பக்கத்தையே பார்த்தோம்.

தோழர்களே, குற்றவாளி என்ற சொல்லை நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக உபயோகிக்க வேண்டியவர்கள். ஒப்பந்தக் கூலி முறையில் இந்த மண்ணுக்கு வந்த நம் பாட்டன்மார் அடி தாங்காமல் தோட்டத்தை விட்டு ஓடினால் அது சட்டப்படி குற்றம். பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1910-இல்தான் அந்த ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் முப்பது ஆண்டு கழித்து, துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் போனவன் தண்டனைக்கு ஆளானான். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் அந்தச் சைக்கிள் விஷயமும் ஒன்று. ஆகையால், நம்மையே ஒருகாலத்தில் குற்றவாளிகள் என்று எழுதி வைத்திருந்த ஏடுகள் இருக்கின்றன என்பதை மறந்துவிடக்கூடாது.

அந்த 1941 கோரிக்கைப் பட்டியலை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் நமக்கு ஒன்று விளங்கும். ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டம் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடையை மூடு என்று கேட்டது. பிள்ளைகளுக்கு முறையான படிப்புக் கொடு என்று கேட்டது. வைத்திய வசதி கேட்டது. பெண்களிடம் கைநீட்டுவதை நிறுத்து என்று கேட்டது. கேட்டவர்கள் பெரிய படிப்பாளிகள் அல்லர். ஆனால் லயத்தில் சண்டையும் அடிதடியும் எங்கிருந்து புறப்படுகின்றன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின, நாதனை நாடு கடத்தினார்கள். ஐந்து ஆண்டு கழித்து, யுத்தம் முடிந்த கையோடு, 1946-இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை அதே கள்ளுக்கடைகளின் வாசலில் மறியலுக்கு நின்றது. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனைப் பிடித்துக் கொடுக்க மட்டும் அவர்கள் நிற்கவில்லை. கடையே இருக்கக்கூடாது என்று நின்றார்கள். அதற்கும் 1947-இல் போலீசாருடன் மோதலும் உயிர்ப்பலியும்தான் பதிலாகக் கிடைத்தன.

சரி, அது பழைய கதை, இன்றைய பையன்களுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். இடையில் நடந்ததைச் சொல்லுகிறோம்.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயம் யாருக்குச் சொந்தம், பள்ளிக்கூடத்தை யார் நடத்துவது என்று கேட்பார் இல்லை. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியின் மாதச் சந்தாவைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படித் தொழிலாளிக்குச் சொந்தமாயிற்று. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் வாங்க ஏழைகளின் பத்து வெள்ளி போதுமா? 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. ஆயிரக்கணக்கானோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். போகாமல் நின்றவர்களில் எத்தனையோ பேர் சிவப்பு அட்டையோடும், அட்டையே இல்லாமலும் நின்றார்கள். இன்று போலீஸ் நிலையத்தில் எழுந்து நின்ற பையனின் தகரப் பெட்டிக் காகிதம் அங்கிருந்து வருகிறது.

பிறகு வீடமைப்பும் விமான நிலையமும் கோல்ப் மைதானமும் வந்தன. நல்ல மரவகைகளைக் கண்டுபிடித்து ரப்பர் உலகமெல்லாம் பேர் வாங்கிய பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. 1990-களில் அங்கிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் நம் ஜனங்களை டிங்கில் பக்கம் அடுக்குமாடிக்கு ஏற்றினார்கள். நாடு முன்னேற வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தலைநகரம் கட்டட்டும், நாமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். ஆனால் தோட்டம் மூடும்போது நஷ்டஈடு கணக்குப் போட்ட கிராணி எதைக் கணக்கில் எழுதினார்? வேலை செய்த ஆண்டுகளை எழுதினார். ஆயாக் கொட்டகையை எழுதவில்லை. பந்து விளையாடும் திடலை எழுதவில்லை. சாயங்காலம் கோயில் மேடையில் உட்கார்ந்துகொண்டு, 'யாருடா அது, இந்நேரத்தில் எங்கே போறே?' என்று கேட்கும் கிழவரை எழுதவில்லை. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாது. தாய் ஒரு ஷிப்ட், தகப்பன் ஒரு ஷிப்ட். 'யாருடா அது' என்று கேட்க ஆள் இல்லை.

2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா ஓரத்தில் கம்போங் மேடான் பகுதியில் கலவரம் மூண்டு ஆறு உயிர்கள் போயின. அண்டை அயலாக வாழ்ந்த ஏழைகள் ஏழைகளையே வெட்டிக்கொண்டார்கள். நெருக்கமான வீடுகள், கெட்டுப்போன கால்வாய்கள், வேலையற்ற வாலிபர்கள். அங்கே எத்தனையோ நாளாகக் காய்ந்து கிடந்தது, ஒரு பொறி விழுந்தது. நாங்கள் இதைச் சொல்லுவது எந்த இனத்தார் மேலும் பழி போட அல்ல. இப்போது நம் பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துத் தோழர்களையும் இந்தோனேசியத் தோழர்களையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் சிலருக்கும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம். இந்தத் திருட்டுக்கு முதலில் அவர்கள் மேல்தான் கை காட்டினோம், ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 இரகசியக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. எண்களையே பெயராக வைத்துக்கொண்ட கும்பல்கள் அவற்றில் பல. உறுப்பினர் என்று போலீசார் கணக்கிட்டவர்கள் 40,313 பேர். அவர்களில் 28,926 பேர் இந்தியர். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏழு பேராக இருக்கும் நாம், அந்தப் பட்டியலில் நூற்றுக்கு எழுபத்தொன்று! அது போலீஸ் கணக்கு, அதை யாரும் நீதிமன்றத்தில் நிரூபிக்கவில்லை என்று வாதாடலாம். வாதாடவும் வேண்டும். ஆனால் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் இருப்பதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? நம் இரத்தத்தில் ஏதோ கோளாறு என்று சிலர் பேசினார்கள். கோளாறு இரத்தத்தில் என்றால், லயமும் பள்ளிக்கூடமும் திடலும் இருந்த நாட்களில் அது எங்கே போயிருந்தது?

அடித்து உள்ளே போட்டால் அடங்கிவிடும் என்பது இன்னொரு கட்சி. அதையும் இந்த நாடு செய்து பார்க்காமல் இல்லை. 1959-இன் குற்றத் தடுப்புச் சட்டம் இருந்தது. 1969-இல் அவசரகாலச் சட்டம் வந்தது. விசாரணையில்லாமல் இரண்டு ஆண்டு அடைத்து வைக்கலாம், மறுபடியும் நீட்டலாம். நாற்பது ஆண்டுக்கு மேல் அது நடந்தது. சிம்பாங் ரெங்காம் முகாமுக்கு நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் போய் வந்தார்கள். 2011-இல் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை ரத்துச் செய்தது. 2013-இல் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி விசாரணையற்ற காவலை மறுபடியும் கொண்டுவந்தார்கள். நாங்கள் கேட்பது ஒன்றே: நாற்பது ஆண்டு பூட்டி வைத்தும் 2013-இல் நாற்பதாயிரம் பேர் பட்டியலில் நின்றார்கள் என்றால், பூட்டு மட்டும் மருந்தாகுமா?

நீங்கள் பால்வெட்டுகிறவர்கள். உங்களுக்குப் பட்டை அழுகல் நோயைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் வெட்டுப் பட்டையில் பூசணம் பிடித்து அழுகுகிறது. யாராவது கோடரியை எடுத்துக்கொண்டு போய் மரத்தைச் சாய்க்கிறோமா? அந்த மரத்தை வெட்டாமல் சில நாள் விடுகிறோம். மருந்து பூசுகிறோம். சுற்றி மண்டிக் கிடக்கும் புதரை அடித்துக் காற்றுப் போகும்படி செய்கிறோம். ஈரம் நிற்பதால்தான் நோய் நிற்கிறது என்று தெரியும். அதைவிட முக்கியமாக, நோய்கண்ட மரத்தில் வைத்த கத்தியை மருந்தில் நனைக்காமல் அடுத்த மரத்தில் வைக்கக்கூடாது. வைத்தால் நிரை முழுவதும் போகும். பதினாறு வயதுப் பையனைக் கொண்டுபோய் நாற்பது வயதுக் கும்பல்காரனோடு ஒரே அறையில் அடைப்பது நோய்க் கத்தியை நல்ல மரத்தில் வைக்கும் வேலை. உள்ளே போகும்போது கட்டிப்பால் திருடன். வெளியே வரும்போது அவனுக்கு ஓர் எண் இருக்கும்.

'நாங்களும் ஏழைதான், எங்கள் பிள்ளைகள் திருடவில்லையே' என்று மனுவில் கையெழுத்துப் போட்ட ஒரு தாய் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு நாள் எங்களுக்குப் பதில் வரவில்லை. அந்த அம்மாளின் மூத்த மகன் இன்று தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான், நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அவனுக்கு ஐ.சி. இருந்தது. தகப்பன் உயிரோடு இருந்தார். வாரம் இரண்டு நாள் டவுனுக்கு இலவச டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு வாத்தியார் இருந்தார். மூன்றில் ஒன்று குறைந்திருந்தால்கூட அவன் தப்பியிருப்பான், பிள்ளை அப்படி. மூன்றும் இல்லாதவனும் திருடாமல் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அது அவன் பொறுப்பு. அவன் தலையில் மூன்று பாரத்தையும் ஏற்றிவிட்டு, தடுக்கி விழுந்தானே என்று கேட்பது மட்டும் நம் வேலையா என்பதுதான் எங்கள் கேள்வி.

இப்படிப் பேசுவது வெறும் இரக்கப் பேச்சு, நடைமுறைக்கு ஒவ்வாது என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஊரைச் சொல்லுகிறோம். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரம். நம் தோட்டங்களை ஆண்ட துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர் பலர் என்பது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஊரில் கப்பல் கட்டும் தொழிலும் இரும்புத் தொழிலும் படுத்தபின், ஏழை வாலிபர்கள் தெருவுக்குத் தெரு கும்பல் சேர்ந்து கத்திக்குத்தில் செத்தார்கள். ஐரோப்பாவிலேயே கொலைக்குப் பெயர்போன ஊர் என்ற பட்டம் வந்தது. 2005-இல் அந்த ஊர்ப் போலீசாரே, ஜான் கார்னோகன் என்ற அதிகாரியும் கேரின் மெக்கிளஸ்கி என்ற அம்மையாரும் முன்நிற்க, ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள். வன்முறை தொற்றுநோய் மாதிரி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது, ஆகவே நோயைத் தடுப்பது போலவே தடுக்கவேண்டும் என்றார்கள்.

2008-இல் கும்பல் வாலிபர்களை நீதிமன்ற மண்டபத்துக்கே வரவழைத்தார்கள், வழக்குப் போட அல்ல, பேச. கத்திக்குத்துக் காயத்தைத் தைக்கும் டாக்டர் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசினார். போலீசார் எழுந்து, இனிமேல் ஒருவன் குத்தினால் கும்பல் முழுவதையும் விடமாட்டோம் என்று கண்டிப்பாகவே சொன்னார்கள். அதே மூச்சில் ஒரு டெலிபோன் நம்பரையும் கொடுத்து, வேலை வேண்டுமா, படிப்பு வேண்டுமா, குடியை விடவேண்டுமா, இந்த நம்பருக்குக் கூப்பிடு என்றார்கள். கூப்பிட்டவர்களுக்குச் சொன்னதைச் செய்தார்கள். 2004-05-இல் ஸ்காட்லாந்து முழுவதும் 137 கொலைகள். பத்தாண்டில் அந்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. கண்டிப்பும் இருந்தது, கைகொடுப்பதும் இருந்தது. துரைமார் ஊரிலே முடிந்தது நம்மூரில் முடியாதா?

நம்மூரிலும் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. அவர்கள் வந்து செய்யட்டும் என்று காத்திருந்தது நம் தவறு. செயலவையின் தவறு என்றே எழுதிக்கொள்ளுங்கள். நம் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்த மாலை வகுப்பு, வாத்தியார் மாறிப் போனபின் நின்றது. வேறு ஆள் தேட நாங்கள் முயலவில்லை. பந்துத் திடலில் செம்பனைக் கன்றுகளை அடுக்கி வைத்தபோது நிர்வாகத்திடம் ஒரு கடிதம்கூடக் கொடுக்கவில்லை. சம்சு விற்கும் வீடு எது என்று இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சந்தா வசூலிக்க அந்த வீட்டு வாசலுக்கும் மாதா மாதம் போய்க்கொண்டுதான் இருந்தோம்.

வீட்டு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போகும். இந்த ஒரு கயிற்றைத்தான் நம் சங்கம் தொடங்கின நாளிலிருந்து அறுக்கப் பார்க்கிறோம். தொழிலாளிக்குச் சொந்த வீடு வேண்டும் என்று மகாநாட்டுக்கு மகாநாடு தீர்மானம் போட்டிருக்கிறோம். அப்படிப்பட்ட சங்கம், தன் கையாலேயே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, சந்தா தவறாமல் கட்டும் ஓர் உறுப்பினரை வீட்டைவிட்டு இறக்கச் சொல்லுவதா? நாளைக்கு நிர்வாகம் வேறு காரணத்துக்கு வேறு ஒருவரை இறக்கும்போது அந்தக் கடிதத்தையே நம் முன் நீட்டும். அதுவும் போகட்டும். அந்த இரண்டு தாய்மாரும் எங்கே போவார்கள்? டவுன் ஓரத்து அடுக்குமாடிக்குத்தான். மூன்றாவது பையன் எங்கிருந்து வந்தானோ, அங்கே. அவன் குடும்பமும் பதினைந்து ஆண்டுக்கு முன் ஒரு தோட்டத்திலிருந்து இறக்கப்பட்ட குடும்பம்தான். இரண்டு பையன்களை அங்கே அனுப்பினால் திருட்டு நிற்காது, இரவில் திரும்பிவரும் ஆள் மூன்றாகும். நம் காட்டுப் பாதை அவர்களுக்கு மனப்பாடம்.

இதுவரை செய்ததைச் சொல்லிவிடுகிறோம். சிறார் நீதிமன்றத்தில் பையன்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டிருக்கிறார்கள். நன்னடத்தை அதிகாரி மாதம் ஒருமுறை வருவார். நட்டத்தை இரண்டு தாய்மாரும் மாதாமாதம் கட்ட ஒப்புக்கொண்டு, முதல் தவணையைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நம்பர் காட்டில் வெட்டுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். கணவரை இழந்த அந்த அம்மாளுக்கு முதலில். பின்வாசலில் ரப்பர் வாங்கியவரைப் பற்றி ரப்பர் வாரியத்துக்கும் போலீசுக்கும் எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. வரும் வரை எழுதுவோம்.

இனிச் செய்யவேண்டியதற்கு உங்கள் கை வேண்டும். கிராணிமார்களை முதலில் கேட்டுக்கொள்கிறோம். காகிதம் உங்களுக்குப் பழகிய ஆயுதம். இந்தத் தோட்டத்தில் அந்தப் பையனையும் சேர்த்து ஏழு பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லை என்று கணக்கெடுத்திருக்கிறோம். ஏழு பேருக்கும் ஏழு கோப்புத் திறக்கவேண்டும். பழைய செக்ரோல் புத்தகத்தில் தகப்பன் பெயர் இருக்கும். மருந்தக ஏட்டில் பிறந்த தேதி இருக்கும். கோயில் கணக்கில் கல்யாணம் இருக்கும். ஒரு தாய்க்கு நான்கு முறை நடந்தும் கிடைக்காத சாட்சிக் காகிதம் உங்கள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். பதிவு இலாகாவுக்குப் போகும் நாளில் தாயின் கூலி நட்டத்தைக் கிளை நிதியிலிருந்து கொடுக்கச் செயலவை தீர்மானித்திருக்கிறது.

மாலை வகுப்பு அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் தொடங்கும். சின்னக் கிராணி ஒருவர் கணக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்திருக்கிறார். மலாய்ப் பாடத்துக்கு ஆள் வேண்டும். இங்கே இருப்பவர்களில் யார் என்று நாங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். திடலில் உள்ள கன்றுகளை அகற்றும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் நேற்றுப் போயிற்று. சம்சு வீட்டுக்குத் தாய்மார் பிரிவு தனியாகப் போய் வருவதாகச் சொல்லியிருக்கிறது. என்ன பேசப் போகிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசியாக, இந்த மனு. நாங்கள் இதைக் கிழிக்கவில்லை, பூட்டிவைக்கவும் இல்லை. இதோ தலைவர் மேசைமேல் இருக்கிறது. தம் பெயரை எடுத்துக்கொள்ள விரும்புவோர் வந்து கோடு போட்டுவிட்டுப் போகலாம். விரும்பாதவர்களை எவரும் ஒன்றும் கேட்கக்கூடாது. அதற்குப்பின் இரண்டு தீர்மானங்களும் ஓட்டுக்கு விடப்படும்: மனுவை நிர்வாகத்துக்கு அனுப்புவது ஒன்று, செயலவையின் திட்டம் மற்றொன்று. அந்த இரண்டு தாய்மாரும் உறுப்பினர்கள், அவர்களுக்கும் ஓட்டு உண்டு. வெளியே நிற்கிறார்கள், யாராவது போய் உள்ளே கூப்பிடுங்கள்.